"அப்போ அதுகிட்ட என்னதான் இருக்கு?"

என் மகள் முதன்முதலாகச் சொறிமுட்டையை, அதாவது ஜெல்லி மீனை, பார்த்தபோது அவளுக்கு ஆறு வயது. அலை திரும்பிப்போன ஈரமணலில், கவிழ்த்துவைத்த கண்ணாடிக் கிண்ணம்போல ஒன்று கிடந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் வெளிர் ஊதா நிறத்தில், குதிரை லாடம்போல நான்கு வளைவுகள். அவள் விரலை நீட்டினாள். நான் கையைப் பிடித்து இழுத்து, "தொடாதே, விஷம்!" என்று கத்தினேன். இழுத்த வேகத்தில் பயந்து அழுதுவிட்டாள்.

அழுகை அடங்கியதும் கேள்விகள் தொடங்கின. "அது செத்துப்போச்சா? செத்தது எப்படிம்மா கொட்டும்? அது மீனா? கண்ணு எங்க இருக்கு?" வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றுக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அன்றிரவு அவள் தூங்கிய பிறகு படிக்க உட்கார்ந்தேன். பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிறு காலைகளில் ஒரு மணி நேரம் இதையே பேசவும் செய்துபார்க்கவும் ஆரம்பித்தோம். இரண்டு ஆண்டுகளில் எது பிள்ளைகளிடம் ஒட்டியது, எது ஒட்டாமல் போனது என்பதை, இதே முயற்சியில் இறங்க நினைக்கும் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு நான் ஒரு பெரிய தாளில் பட்டியல் எழுதி ஒட்டியிருந்தேன். மூளை இல்லை. இதயம் இல்லை. ரத்தம் இல்லை. எலும்பு இல்லை. செவுள் இல்லை. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன். பிளந்தார்கள், இரண்டு நிமிடம். பிறகு எட்டு வயதுப் பையன் ஒருவன் முகம் வாடிப்போய், "பாவம் அத்தை. அப்போ அதுகிட்ட என்னதான் இருக்கு?" என்று கேட்டான். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அந்த ஒரு கேள்விக்காகப் படித்த வாரத்தில்தான் இந்த உயிர்மேல் எனக்கே காதல் வந்தது. நம் உடம்பில் இருப்பதையெல்லாம் அதனிடம் தேடிப்பார்த்து, இல்லை இல்லை என்று பட்டியல் போடுவது அதற்கு நாம் செய்யும் அநியாயம். கனடாவின் பர்ஜெஸ் பாறைப் படிவுகளில் கிடைத்த ஒரு சொறிமுட்டையின் புதைபடிவத்தை 2023-இல் அறிவியலாளர்கள் விவரித்தார்கள். அதன் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். முதல் டைனோசர் பிறப்பதற்கு 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அது குடை விரித்து நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை காலம் பிழைத்த ஒன்றிடம் எதுவுமே இல்லாமலா இருக்கும்? அடுத்த ஞாயிறு பழைய தாளைக் கிழித்துவிட்டு, 'இருக்கிறவை' என்று தலைப்பிட்டு வெறுந்தாள் ஒன்றை ஒட்டினேன். அதை நிரப்பியது பிள்ளைகள்தான்.

பெயரிலிருந்து தொடங்குவது நல்லது. ஜெல்லி மீன், இழுதுமீன் என்று சொன்னாலும் இது மீனே இல்லை. பவளம், கடல் சாமந்தி, நன்னீரில் வாழும் ஹைட்ரா ஆகியவைதான் இதன் சொந்தக்காரர்கள். கடலில் தொழில் செய்கிறவர்கள் வாயில் இது 'சொறி'. பட்டால் சொறியவைக்கும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு சொல்லில் எச்சரிக்கையும் அறிவியலும் அடங்கிவிட்டதே என்று எனக்கு ஒரு பூரிப்பு.

தாளில் முதலில் ஏறியது தண்ணீர். சொறிமுட்டையின் உடம்பில் 100-க்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர்தான். எண்ணாகச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அளக்கவைத்தேன். ஒரு பாத்திரத்தில் 95 சிறு கரண்டித் தண்ணீர், எல்லோருமாகச் சத்தம்போட்டு எண்ணினோம். அதில் 5 கரண்டி மாவைக் கலக்கினோம். கலங்கல் தண்ணீர்தான் வந்தது. "இது எப்படி அத்தை உருண்டையா நிக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். சோதனை தோற்றுவிட்டதே என்று நான் நினைத்த இடத்தில்தான் சரியான கேள்வி பிறந்தது. மறுவாரம் மாவுக்குப் பதில் ஜெலட்டின் தூள். கொஞ்சம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மீதியைச் சுடுநீராக ஊற்றிக் கரைத்து (இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும்), கிண்ணத்தில் ஊற்றிக் குளிரவைத்தோம். கவிழ்த்தபோது அந்த 95 கரண்டித் தண்ணீரும் ஒரு துளி சிந்தாமல் தளதளவென்று நின்றது. ஜெலட்டின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. நம் தோலைத் தாங்குவதும் கொலாஜன், சொறிமுட்டையின் கூழைக் கட்டிநிறுத்துவதும் கொலாஜன் இழைகள்தாம். மாவில் தோற்றுவிட்டு ஜெலட்டினுக்கு வந்ததால்தான் இது பிள்ளைகள் மனதில் நின்றது. நேரே ஜெலட்டினில் ஆரம்பித்திருந்தால் 'ஜெல்லி செஞ்சோம்' என்பதோடு முடிந்திருக்கும். முதல் தோல்வியை விட்டுவிடாதீர்கள்.

நீச்சலைக் காட்ட முதலில் குடையை விரித்து மடக்கிக் காட்டினேன். அது தப்பான உவமை. குடையை மடக்கவும் விரிக்கவும் இரண்டு தடவையும் நாம்தான் பலம் போட வேண்டும். சொறிமுட்டை சுருங்குவதற்கு மட்டும்தான் தசையைச் செலவழிக்கிறது. விரிவது கூழின் வேலை. அமுக்கிய ரப்பர் பந்து தானாக உப்புவதைப்போல அது தானே பழைய உருவத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்பும்போது குடைக்கடியில் ஒரு நீர்ச்சுழல் உருண்டு, உடம்பை மறுபடியும் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது. ஒரு சுருக்கத்துக்குச் செலவழித்து இரண்டு தள்ளல் வாங்கிக்கொள்கிறது. நிலா ஜெல்லி என்ற வகையில் இந்தச் சிக்கனத்தை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். நீந்தும் விலங்குகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தூரம் போகிறவை அரிது. இதற்குக் குடையைவிட நல்ல கருவி மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில். வாளித் தண்ணீருக்குள் மூடியில்லாத பாட்டிலை அமுக்கினால் நீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போகும். விட்டால் தானே உப்பி நீரை உள்ளே இழுக்கும். பாட்டில் வாய்க்கருகே இன்னொரு கையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தள்ளலைத் தோலில் உணர்ந்த பிள்ளைக்கு நான் சொன்ன விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கொட்டும் உயிரணுக்களுக்கு வந்தோம். இரண்டு ஞாயிறு இதிலேயே போயிற்று. அவ்வளவு இருக்கிறது இதில்.

சொறிமுட்டையின் தொங்கும் இழைகளில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய உயிரணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குப்பி. குப்பிக்குள் உள்வெளியாகப் புரட்டிச் சுருட்டிவைத்த ஒரு நூற்குழல். ஏதாவது உரசினால் குப்பியின் மூடி திறந்து, குழல் புரண்டபடியே வெளியே பாய்ந்து குத்தும். அதன் வழியாக நஞ்சு இறங்கும். இதைக் காட்ட ஒரு ரப்பர் கையுறை போதும். விரல்களை உள்ளே தள்ளிவிட்டு, மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிப் பிடித்து ஊதினால் விரல்கள் ஒவ்வொன்றாக 'டப்' என்று புரண்டு வெளியே வரும். பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள். பத்துத் தடவை ஊதவைத்தார்கள்.

இனி வேகம். சொறிமுட்டையின் சொந்தக்காரனான ஹைட்ராவில் இதை அதிவேகக் கேமராவால் படம்பிடித்து 2006-இல் வெளியிட்டார்கள். குழலின் கூர்முனை வெளியே பாய்ந்து குத்துவதற்கு ஆகும் நேரம் 700 நானோ நொடி. ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக வெட்டி அதில் 700 துண்டை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. 'நானோ' என்ற சொல் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லவில்லை. "நீ ஒருதடவை கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இது லட்சம் தடவை பாய்ஞ்சு முடிச்சிடும்" என்றபோதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடித் திறந்து பார்த்தார்கள். குப்பிக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 150 வளிமண்டல அளவு, கார் டயரில் இருப்பதைப்போல 60 மடங்குக்கும் மேல். பாயும் முனையின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 50 லட்சம் மடங்கு. மூளை இல்லாத பாவம் என்று முகம் வாடிய பையன்தான் 'இருக்கிறவை' தாளில் பெரிய எழுத்தில் 'பீரங்கி' என்று எழுதினான்.

இங்கேதான் என் மகளின் பழைய கேள்விக்கும் பதில் கிடைத்தது. கொட்டு என்று யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. தொடுதலையும் வேதிப்பொருளையும் உணர்ந்து அந்தந்த உயிரணு தானாகவே சுடும். அதனால்தான் கரையில் செத்துக்கிடப்பதும், அறுந்து மிதக்கும் ஒற்றை இழையும் கொட்டும். "தொடாதே, விஷம்" என்று கத்துவதைவிட இதைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவோ மேல். காரணம் தெரிந்த பிள்ளை கையைத் தானே பின்னால் கட்டிக்கொள்கிறது. எங்கள் கூட்டத்தில் இப்போது யாரும் விரல் நீட்டுவதில்லை. குனிந்து பார்ப்பார்கள், தேவைப்பட்டால் நீளக் குச்சி எடுப்பார்கள்.

அப்படியும் பட்டுவிடலாம். என் அக்கா மகனுக்குக் கணுக்காலில் பட்டபோது நான் பதறிப்போய்க் குடிநீர்ப் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன், துண்டால் துடைத்தேன். இரண்டுமே தவறு. நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத குப்பிகள் வெடிக்கக்கூடும். தேய்த்தாலும் அப்படியே. எரிச்சல் கூடித்தான் போயிற்று. செய்ய வேண்டியது இதுதான்: தண்ணீரைவிட்டு வெளியே கூட்டிவந்து உட்காரவையுங்கள். கடல்நீரை ஊற்றியே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் சிறு இடுக்கியால் எடுங்கள். மணல் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பிறகு பிள்ளை தாங்கும் சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெந்நீரில் 20 நிமிடமாவது முக்கிவைத்தால் பல வகைக் கொட்டுகளுக்கு வலி தணியும். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். வினிகர் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. பெட்டிச் சொறி என்ற வகைக்கு உதவும், வேறு சில வகைகளில் நிலைமையை மோசமாக்கும். அதனால் அந்தக் கரையில் எந்த வகை வரும் என்று உயிர்காப்பாளரிடம் இறங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. சிறுநீர் விடுவது பயனில்லாத வேலை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் இருந்தாலோ, முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தாலோ, உடம்பில் பெரிய பரப்பில் கொட்டியிருந்தாலோ வீட்டு வைத்தியம் எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சாப்பிடுவதற்கும் கழிவை வெளியேற்றுவதற்கும் சொறிமுட்டைக்கு ஒரே வாய்தான் என்றேன். ஐந்து நிமிடம் வகுப்பு நடக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்லுங்கள்.

மூளை இல்லாமல் எப்படி நீந்துகிறது என்பதற்கு ஒரு விளையாட்டு வைத்தோம். நிலா ஜெல்லியின் குடை விளிம்பில் சுற்றிலும் எட்டு உணர்வு மையங்கள் இருக்கின்றன. எதுவேண்டுமானாலும் 'சுருங்கு' என்று முதல் தட்டுத் தட்டலாம். எது முந்துகிறதோ அதன் தட்டு நரம்பு வலை வழியாக குடை முழுக்கப் பரவும். எட்டுப் பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். யாராவது ஒருவர் பக்கத்துக் கையை அழுத்த வேண்டும், அழுத்தம் வந்ததும் கடத்திவிட்டு உட்கார வேண்டும். தலைவர் யாரும் கிடையாது. மூன்றாவது ஆட்டத்தில் வட்டம் முழுக்க அலைபோல உட்கார்ந்து எழுந்தது. யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. "இதுதான் அதோட மூளையா?" என்று என் மகள் கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நரம்பு வலை மட்டும் வைத்துக்கொண்டு அது செய்கிற காரியங்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பெட்டிச் சொறிக்கு 24 கண்கள், நான்கு கொத்துகளில் கொத்துக்கு ஆறாக. சுண்டுவிரல் நகமளவே உள்ள ஒரு பெட்டிச் சொறியை, சதுப்புநில மர வேர்களைப்போலக் கோடுகள் வரைந்த தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். முதலில் முட்டிக்கொண்டது. சில நிமிடங்களிலேயே முட்டுவது பாதியாகக் குறைந்தது. பட்டறிந்து கற்றுக்கொண்டது என்று 2023-இல் எழுதினார்கள். தலைகீழாகத் தரையில் கிடந்து வாழும் கேசியோபியா என்ற வகை தூங்குகிறது என்பது 2017-இல் தெரியவந்தது. பகலில் நிமிடத்துக்கு 58 தடவை துடிக்கும் அது, இரவில் 39 தடவைதான் துடிக்கிறது. இரவில் தூங்கவிடாமல் தொந்தரவு செய்தால் மறுநாள் சோர்ந்துகிடக்கிறது. இதைச் சொன்ன கையோடு நீந்தும் சொறிமுட்டையின் காணொளி ஒன்றைப் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்று எண்ணச் சொன்னேன். ஏழு பேருக்கு ஏழு விடை. எது ஒரு துடிப்பு, எது அரைத் துடிப்பு என்று அவர்களுக்குள் நடந்த சண்டையை நான் தடுக்கவில்லை. ஆய்வகத்தில் நடப்பதும் அந்தச் சண்டைதான்.

வளர்ச்சியைச் சொல்லும்போது நான் ஒரு தவறு செய்தேன். முட்டையிலிருந்து வரும் குட்டிப்புழு நீந்திப்போய்ப் பாறையில் ஒட்டி, சின்னச் செடிபோல நிற்கும். காலம் வரும்போது அதன் உடம்பு அடுக்கிவைத்த தட்டுகளாகப் பிரியும். மேல்தட்டு கழன்று, எட்டுக் கையுள்ள நட்சத்திரமாக நீந்திப்போகும், பிறகு அடுத்த தட்டு. காகிதத் தட்டுகளை அடுக்கி ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டோம், அதுவரை நன்றாகப் போயிற்று. டூரிடாப்சிஸ் என்ற அரை சென்டிமீட்டர்கூட இல்லாத வகையைப் பற்றிப் பேசும்போது, "இதுக்குச் சாவே கிடையாது" என்று சொல்லிவிட்டேன். "மீன் தின்னுட்டா?" என்று உடனே கேட்டாள் ஒருத்தி. செத்துத்தான் போகும். காயம்பட்டாலோ பட்டினி கிடந்தாலோ வளர்ந்த உடம்பு மறுபடி அந்தச் செடிப் பருவத்துக்கே திரும்பிவிடும், பட்டாம்பூச்சி மறுபடி கம்பளிப்புழுவானால் எப்படியோ அப்படி. 1990-களில் கண்டுபிடித்த உண்மை அவ்வளவுதான், அதுவே போதுமான அதிசயம். 'சாகாவரம்' என்று ஏற்றிச் சொன்னால் பிள்ளைகள் ஒரே கேள்வியில் இறக்கிவிடுவார்கள். மறு ஞாயிறு நான் சொன்னது தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தாளில் சிவப்பு மையால் திருத்தினோம். அந்தத் திருத்தம் இன்னும் சுவரில் இருக்கிறது.

பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை ஒன்று உண்டு, ஒசாமு ஷிமோமுராவின் கதை. 1961 கோடையில் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பரில், விளிம்பு ஒளிரும் ஈக்வோரியா என்ற சொறிமுட்டையின் வெளிச்சம் எதனால் வருகிறது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். வாளி வாளியாகப் பிடித்து, ஓரத்தை வெட்டிப் பிழிந்து, எத்தனையோ வழிகளில் முயன்றார். ஒருநாள் மிச்சச் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டியபோது தொட்டி முழுக்க நீல ஒளி பளிச்சிட்டது. தொட்டிக்குள் கடல்நீர் வடிந்துகொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியம்தான் அந்த விளக்கின் சுவிட்சு என்று அப்படித் தெரிந்தது. கூடவே கிடைத்த பச்சை ஒளிர் புரதம், பின்னாளில் உயிரணுக்களுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க உதவும் குறியீடாக உலகமெங்கும் பரவியது. 2008-இல் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் ஆகியோருடன் ஷிமோமுராவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சொறிமுட்டை பிடிக்க அவருடைய மனைவியும் பிள்ளைகளும்கூட வலை தூக்கினார்கள் என்றதும், நாங்களும் தூக்குவோம் என்று ஒரே குரல்.

போன மாதம் ஒரு கைவேலை. மெல்லிய பிளாஸ்டிக் பையிலிருந்து சதுரமாக வெட்டி, நடுவில் விரல் நுழையும் குமிழாகக் கட்டி, குமிழுக்குள் கொஞ்சம் தண்ணீரும் காற்றும் விட்டு, ஓரங்களை இழைகளாக நறுக்கி, நீல நீர் நிரப்பிய பாட்டிலுக்குள் விட்டோம். பாட்டிலைக் கவிழ்த்தால் மெல்ல மிதந்து எழும்பும். அசல் சொறிமுட்டை போலவே இருந்தது. எல்லோரும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூட்டத்திலேயே சின்னவள், "இதைப் பார்த்தா ஆமை ஏமாந்துடாதா அத்தை?" என்றாள். சொறிமுட்டையையே முக்கிய உணவாகக் கொண்ட, ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்திய பெரிய கடல் ஆமையைப் பற்றி முந்தின வாரம்தான் பேசியிருந்தோம். ஏமாறும் என்றேன். அப்படி விழுங்கிய பைகளை அந்த ஆமைகளின் வயிற்றில் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும், ஆனால் கேட்டது அவள்.

அடுத்த ஞாயிறு கரைக்குப் போனோம். சற்றுத் தள்ளி, ஈரமணலில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. "சொறி, சொறி!" என்று கத்திக்கொண்டு ஓடிய அந்தச் சின்னவள் இரண்டடி முன்னால் நின்றுவிட்டாள். குச்சியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பை. உள்ளே எந்த இழையும் ஒட்டியில்லை என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குச்சியாலேயே தூக்கிவந்து என் சாக்கில் போட்டாள். பிறகு அடுத்ததைத் தேடி நடந்தாள்.